‘சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?’ என்று இனியும் கேட்காதீர்கள்!

இந்தப் பதிவு சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் பரவாயில்லை, ஒருமுறை முழுமையாகப் படித்துவிட்டுப் பிறகு என்னைத் திட்டுங்கள்.

சென்ற பெற்றோர் சந்திப்பு நாளன்று என் மேசைக்கு எதிரே ஒரு தம்பதியர் அமர்ந்திருந்தனர். இருவருக்கும் நடுவில் எட்டு வயது மகன். தேர்ச்சி அறிக்கையில் தொடங்கிய பேச்சு, மூன்றாம் நிமிடத்திலேயே யார் வீட்டில் தங்குவதில்லை, யார் பிள்ளையைக் கவனிப்பதில்லை என்று திசைமாறியது. குரல்களும் உயர்ந்தன.

“கொஞ்சம் பொறுங்கள். பையன் பக்கத்தில் இருக்கிறான்,” என்றேன்.

“சின்னப் பிள்ளை டீச்சர். அவனுக்கு என்ன தெரியும்?” என்றார் தந்தை.

தாயும் ஆமென்று தலையசைத்தார். அன்று அவ்விருவரும் ஒத்துப்போன ஒரே கருத்து அதுதான்!

அந்தச் சின்னப் பிள்ளையோ தலையைக் குனிந்து தன் தேர்ச்சி அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தான். ஒரே தாள். அதைப் பத்து நிமிடமாகப் படித்துக்கொண்டிருந்தான். அதில் படிப்பதற்கு அவ்வளவு என்ன இருக்கிறது? நான் கேட்காமலே உங்களுக்கு விடை தெரியும்.

பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால், நமக்குத் தெரிவதைப் போன்று தெரிவதில்லை. குடும்பம் என்பதையும் திருமணம் என்பதையும் ஏழு வயதில் ஒருவிதமாகவும், ஒன்பது வயதில் வேறுவிதமாகவும், பன்னிரண்டு வயதில் முற்றிலும் வேறாகவும் அவர்கள் புரிந்துகொள்கின்றனர். நாமோ எல்லா வயதினருக்கும் வீட்டில் ஒரே மௌனத்தையும் பள்ளியில் ஒரே படத்தையும் வைத்திருக்கிறோம். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, புன்னகை! இந்த மௌனத்தையும் இந்தப் படத்தையும் எதிர்த்தே இதனை எழுதுகிறேன்.

ஐந்து பேரா, ஆறு பேரா?

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பயிற்சி ஒன்று கொடுத்தேன். ‘என் குடும்பத்தில் ____ பேர் உள்ளனர்.’ கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டுப் படமும் வரைய வேண்டும். ஒரு பையன் ‘ஐந்து’ என்று எழுதினான். அம்மா, பாட்டி, அக்காள், தான் ஆகிய நால்வரோடு, அவர்கள் வீட்டு அறையொன்றில் வாடகைக்குத் தங்கியிருந்த இளைஞரையும் வரைந்திருந்தான். தந்தையைக் காணவில்லை.

அவனுடைய தந்தை உயிரோடுதான் இருக்கிறார், குடும்பத்தோடுதான் வாழ்கிறார் என்பது எனக்குத் தெரியும். உடனே சிவப்பு மையால் ‘தவறு. அப்பா எங்கே?’ என்று எழுதிவிட்டேன். அவசரத்தில் செய்தது என்று சொல்ல மாட்டேன். சரியென்று நினைத்தே செய்தேன்.

திங்கட்கிழமை பயிற்சிப் புத்தகம் திரும்பி வந்தது. ‘ஐந்து’ அடிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் பெரியவர் ஒருவரின் கையெழுத்தில் ‘ஆறு’ என்றிருந்தது. படத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு மனிதர் வரையப்பட்டிருந்தார். வரைந்தவர் அந்தத் தந்தையே!

ஜொகூரில் பணியாற்றுகின்றவர்களுக்கு இந்தக் கதையின் மற்றப் பகுதியை நான் விளக்க வேண்டியதில்லை. அவர் சிங்கப்பூரில் வேலை செய்கின்றார். அங்கேயே அறை எடுத்துத் தங்குகின்றார். சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு இரவு பாலத்தைக் கடந்து போய்விடுகின்றார். தம் பிள்ளையின் கணக்கில் தாம் இல்லை என்பதை, ஒரே விடுமுறை நாளில், என் சிவப்பு மையின் வழியாக அவர் தெரிந்துகொண்டார்.

அந்தப் பையன் தந்தையை நேசிக்கவில்லையா? தந்தை வாங்கித் தரும் சாக்லேட்டை வகுப்பிலுள்ள எல்லோருக்கும் பங்கிட்டு, “எங்கப்பா வாங்கினது” என்று சொல்லாமல் அவன் திங்கட்கிழமையைக் கடந்ததேயில்லை. அவன் அன்பைக் கொண்டு எண்ணவில்லை. கூரையைக் கொண்டு எண்ணினான். ஒரே கூரையின் கீழ் இரவில் உறங்குகின்றவர்கள் அவனுக்குக் குடும்பம். அதனால்தான் வாடகைக்கு இருந்தவர் உள்ளே வந்தார்; தந்தை வெளியே போனார்.

இது அந்தப் பையனுடைய தனிக்குறையன்று. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே 1924இல் வெளிவந்த தம் நூலிலேயே இதனை எழுதிவிட்டார். குடும்பம் என்றால் என்ன என்று அவர் பிள்ளைகளிடம் கேட்டபோது, சிறியவர்கள் ஒரே வீட்டில் வாழ்கின்றவர்களையே குடும்பம் என்றனர். இரத்த உறவு என்ற எண்ணம் அதன்பின் வருகின்றது. வேறு வீட்டில் இருந்தாலும் உறவினர் உறவினரே என்ற பொதுமை அதற்கும் பிறகே வருகின்றது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகளை நாம் எல்லோரும் மனனம் செய்தோம், தேர்வில் எழுதினோம், புள்ளிகளும் பெற்றோம். பிறகு வகுப்பறைக் கதவைத் திறந்தபோது அவரை வெளியிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனோம். நானும் அவர்களுள் ஒருத்தி.

சித்தப்பா என்பது பெயரா, முறையா?

நம்பாதவர்கள் நாளைக்கே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். முதலாம் ஆண்டில் அண்ணன் உள்ள ஒரு பையனிடம் கேளுங்கள்.

“உனக்கு அண்ணன் இருக்கிறானா?”

“இருக்கிறான்.”

“உன் அண்ணனுக்குத் தம்பி இருக்கிறானா?”

பல பிள்ளைகள் விழிப்பார்கள். சிலர் ‘இல்லை’ என்றே அடித்துச் சொல்வார்கள். அந்தத் தம்பி தானே என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தன்னை வெளியிலிருந்து பார்க்க அந்த வயதுக்கு இன்னும் கைவரவில்லை. பியாஜேயும் உடன்பிறந்தோரைப் பற்றி இத்தகைய கேள்வியையே கேட்டார். இத்தகைய விடையையே பெற்றார்.

நம் உறவுமுறைச் சொற்கள் இன்னும் நுட்பமானவை. தந்தையுடன் பிறந்தவர் பெரியப்பா அல்லது சித்தப்பா. தாயுடன் பிறந்தவர் மாமா. சித்தப்பா பிள்ளைகள் உடன்பிறப்புகள். மாமா பிள்ளைகளோ முறை உள்ளவர்கள். யார் யாரை மணக்கலாம், யாரை மணக்கலாகாது என்ற திருமண விதி முழுவதையும் நம் மொழி இந்தச் சொற்களுக்குள் வைத்திருக்கின்றது. மானிடவியலறிஞர் லூயி டூமோன் 1953இல் இதனைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்.

ஆனால், ஏழு வயதுப் பிள்ளைக்குச் ‘சித்தப்பா’ என்பது ஒரு மனிதரின் பெயர். அந்த மனிதரே தன் தந்தைக்குத் தம்பி, தன் அத்தை பிள்ளைகளுக்கு மாமா, பாட்டிக்கு மகன் என்பதையெல்லாம் ஒருசேர மனத்தில் நிறுத்த அதற்கு இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். நாமோ முதலாம் ஆண்டிலேயே உறவுமுறை அட்டவணையை ஒப்பிக்கச் செய்கிறோம். நான்காம், ஐந்தாம் ஆண்டில் பிள்ளைகள் அதனை உண்மையிலேயே விரும்பிக் கற்கும் பருவம் வரும்போது, நமக்குத் தேர்வும் செயல்திட்டமும் வந்துவிடுகின்றன. உறவுமுறையைப் பேச நேரமில்லை. அதற்குள் பிள்ளைகளுக்கு எல்லோரும் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ ஆகிவிடுகின்றனர். பிறகு ‘தமிழ் அழிகிறது’ என்று மேடையேறிப் புலம்புகின்றோம்!

ஒன்பது வயதுச் சட்ட வல்லுநர்கள்

ஒன்பது, பத்து வயதில் வேறொரு பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றது. அதற்கு எல்லாமே விதி. விளையாட்டுக்கு விதி, வரிசைக்கு விதி, திருமணத்திற்கும் விதி.

மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு முறை பெரிய வழக்கே நடந்தது. ஒரு மாணவியின் அக்காளுக்குப் பதிவுத் திருமணம் முடிந்திருந்தது. தாலி கட்டும் சடங்குக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. நம் நாட்டில் இது வழக்கந்தானே!

“அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு,” என்றாள் அவள்.

“தாலி கட்டல. மண்டபம் வைக்கல. சாப்பாடு போடல. எப்படிக் கல்யாணம் ஆகும்?” என்றான் இன்னொருவன்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஓய்வுநேரம் முடிந்தும் வழக்கு முடியவில்லை. அவர்களில் ஒருவர்கூட ‘அவர்களுக்குள் அன்பு இருக்கிறதா?’ என்று கேட்கவில்லை. எப்போது கையெழுத்து, எப்போது தாலி, எது செல்லும், எது செல்லாது? இவைதாம் அவர்களுடைய கேள்விகள். சடங்கும் விதியுமே அந்த வயதின் திருமணம்.

நேர்மையாகச் சொன்னால் நம்மில் பல பெரியவர்களே அந்தக் கேள்விகளுக்குச் சரியான விடையறியாதவர்கள். முஸ்லிம் அல்லாதாருக்கான சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றது. அன்று தொடங்கி நம் திருமணங்கள் அச்சட்டப்படிப் பதிவு பெற வேண்டும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ‘கோயிலில் தாலி கட்டினால் போதும்’ என்று பதிவு செய்யாமலிருக்கும் குடும்பங்களை நான் ஒவ்வொரு முதலாம் ஆண்டுப் பதிவின்போதும் சந்திக்கிறேன். பதிவில்லாத் திருமணத்தில் பிறக்கும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் தானாக இடம்பெறுவதில்லை. பெற்றோர் செய்யாமல் விட்ட ஒரு கையெழுத்துக்குப் பிள்ளை விலை கொடுக்கின்றது.

அந்த விலை எப்போது உறைக்கிறது தெரியுமா? ஒன்பது வயதில்! ஏழு வயதுப் பிள்ளை வருகைப் பதிவேட்டில் தன் பெயரை மட்டுமே கேட்கின்றது. ஒன்பது வயதுப் பிள்ளை எல்லோருடைய பெயரிலும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பதற்குப் பின் ஒரு தந்தை இருப்பதைக் கவனிக்கின்றது. யாருக்கு அது இல்லை என்பதையும் கவனிக்கின்றது. விதியை அறிந்தவன் விதிக்குள் அடங்காதவனைக் கேலி செய்கின்றான். ‘உனக்கு அப்பா பெயர் இல்லை’ என்ற வசை, முதலாம் ஆண்டில் நான் கேட்டதில்லை. நான்காம் ஆண்டில் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கேலிக்கு வழியமைத்துக் கொடுப்பவர்கள் யார்? நாம்தான். ஆண்டுத் தொடக்கத்தில் படிவங்களை நிரப்ப வேண்டும் என்பதற்காக நாற்பது காதுகள் கேட்க, “உன் அப்பா என்ன வேலை? சம்பளம் எவ்வளவு? அப்பா கூட இல்லையா? ஏன் இல்லை?” என்று விசாரணை நடத்துகிறோமே, அது எந்தக் கல்வியியலில் இருக்கின்றது?

நின்றுகொண்டே சாப்பிடும் அம்மா

பன்னிரண்டு வயதில் சடங்கின் திரை விலகுகின்றது. அதற்குப் பின்னால் இருக்கும் மனிதர்களைப் பிள்ளைகள் பார்க்கத் தொடங்குகின்றனர்.

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, எதிர்காலத்தைப் பற்றிய கட்டுரையில், தான் திருமணமே செய்துகொள்ளப் போவதில்லை என்று எழுதினாள். காரணமும் எழுதியிருந்தாள். திருமணமானால் அம்மாவைப் போல் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, கடைசியில் அடுப்பருகே நின்றுகொண்டே சாப்பிட வேண்டுமாம்.

ஆசிரியர் அறையில் அந்தக் கட்டுரை கைமாறியது. சிரிப்பொலி எழுந்தது. “இந்த வயசிலேயே கல்யாணப் பேச்சைப் பாருங்கள்!” என்றார் ஒருவர். ‘கருத்து ஏற்புடையதன்று’ என்று எழுதித் திருப்பிக் கொடுங்கள் என்றார் மற்றொருவர்.

ஏன் ஏற்புடையதன்று? அந்தப் பிள்ளை திருமணத்தைப் பழிக்கவில்லை. திருமணத்திற்குள் நியாயம் இருக்கிறதா என்று கேட்டாள். ஏழு வயதில் கூரையைப் பார்த்த கண், ஒன்பது வயதில் தாலியைப் பார்த்த கண், பன்னிரண்டு வயதில் சாப்பாட்டு மேசையைப் பார்க்கின்றது. யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்று பார்க்கின்றது. இது வளர்ச்சி. பாராட்ட வேண்டிய வளர்ச்சி. நமக்கோ ‘பெற்றோரைப் போற்றுவோம்’ என்று முடியும் கட்டுரையே வேண்டும். அப்படி எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் புள்ளிகள். உண்மையை எழுதிய பிள்ளைக்குச் சிரிப்பு!

நாம் பேச மறுக்கும் இடத்தில் பேசுவதற்கு வேறொருவர் காத்திருக்கின்றார். அவர் பெயர் தொலைக்காட்சி நெடுந்தொடர். மாமியார் சதி, இரண்டாந்தாரம், மண்டபத்தில் நின்றுபோகும் முகூர்த்தம், ஆண்டுக்கணக்காக முடியாத பழிவாங்கல். இவற்றையெல்லாம் பாட்டியின் மடியில் உட்கார்ந்து இரவுதோறும் பார்க்கும் பிள்ளையைப் பற்றி, ‘அதற்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்கின்றவர்களின் துணிச்சலை என்னவென்பது?

பிரிவு வரும்போது

பெற்றோர் பிரியும்போதுதான் நம் அறியாமை மிகக் கொடியதாகின்றது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜூடித் வாலர்ஸ்டீன், ஜோன் கெல்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1971 முதல், பிரிந்த 60 குடும்பங்களைச் சேர்ந்த 131 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, 1980இல் நூலாக வெளியிட்டனர். பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகள் பிரிவுக்குத் தாங்களே காரணம் என்று எண்ணினர். ஆறு முதல் எட்டு வயதினர் ஆழ்ந்த துயரத்தோடு, பிரிந்து சென்றவர் திரும்புவார் என்று ஏங்கினர். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதினர் சினங்கொண்டு, ஒருவர் பக்கம் சேர்ந்து மற்றவரை வெறுத்தனர். வீட்டில் நடந்தது ஒன்றே. பிள்ளையின் வயதைப் பொறுத்துக் காயம் வேறு. அது வேறு நாடு, வேறு காலம் என்பது உண்மைதான். ஆயினும், அந்த ஏக்கத்தையும் அந்தச் சினத்தையும் என் வகுப்பிலேயே நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் சொல்வதெழுதுதலில் திடீரென்று அக்கறை காட்டத் தொடங்கினான். ஒரு சொல் தவறினாலும் அழுதான். ஒரு நாள் நூற்றுக்கு நூறு பெற்றான். புத்தகத்தைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்து, “டீச்சர், நூறு வாங்கிட்டேன். அப்பா எப்ப வருவாங்க?” என்று கேட்டான்.

‘நல்லாப் படிச்சா அப்பா வந்திடுவாரு’ என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கின்றனர். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பர். பிள்ளையோ அதனை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டது. தன் பங்கை நிறைவேற்றிவிட்டு, மறுபங்கைக் கேட்டு நின்றது. அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அடுத்த வாரம் முதல் அவன் எழுதுவதையே நிறுத்திவிட்டான். பெரியவர்களின் வசதிக்காகச் சொல்லப்படும் பொய்யை, பிள்ளைதான் கடனாகச் சுமக்கின்றது.

நம் சட்டம்கூட வயதைப் பார்க்கின்றது. நான் மேலே குறிப்பிட்ட சட்டத்தின் 88ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நன்று என்று அது தொடக்கத்தில் கருதுகின்றது; அந்தக் கருத்து மறுக்கத்தக்கது என்றும் சொல்கின்றது. தன் கருத்தைத் தானே சொல்லக்கூடிய வயதை எட்டிய பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்கின்றது. நீதிபதி பிள்ளையின் வயதைக் கேட்கின்றார். பெற்ற நாமும் கற்பிக்கும் நாமும் கேட்பதில்லை.

பண்பாட்டைச் சொல்லி வாயடைப்போருக்கு

இதை எழுதும்போதே எனக்கு வரவிருக்கும் மறுமொழிகள் தெரிகின்றன. ‘தந்தை, தாய், பிள்ளைகள் என்று ஒழுங்கான குடும்பத்தைக் காட்டுவதுதான் பண்பாடு. உடைந்த குடும்பங்களைப் பாடமாக்கினால் எல்லாக் குடும்பமும் உடையும்.’

அன்பர்களே, எந்தப் பண்பாட்டைச் சொல்கின்றீர்கள்?

தொல்காப்பியத்தின் கற்பியலைத் திறந்து பாருங்கள். பொய்யும் குற்றமும் தோன்றிய பின்னரே திருமணச் சடங்கு வகுக்கப்பட்டது என்கின்றார் தொல்காப்பியர். திருமணம் என்பது மனிதர் தவறக்கூடும் என்பதை அறிந்து, மனிதரே அமைத்துக்கொண்ட காப்பு என்ற தெளிவு நம் முன்னோருக்கு இருந்தது. அவர்கள் உண்மையை எழுதிவைத்தனர். நாம் அதனைப் பட்டத்திற்குப் படித்துவிட்டுப் பிள்ளைகளிடம் மறைக்கின்றோம்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் பெற்றோர் வாழ்ந்த தோட்டப்புறத்தை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் தாய் பால்மரக் காட்டுக்குப் போய்விடுவார். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். பசித்தால் எந்த வீட்டுச் சட்டியிலும் கைவைப்போம். தவறு செய்தால் எந்த வீட்டுப் பெரியம்மாவும் காதைத் திருகுவார். தாய் இறந்த பிள்ளையைச் சின்னம்மா வளர்த்தார்; தந்தை ஓடிப்போன பிள்ளையைத் தாத்தா வளர்த்தார். அவர்களையெல்லாம் குடும்பமில்லாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நான் அந்த லயன் வீட்டில் வளர்ந்தவள். பாடநூலின் நால்வர் படம் எனக்கே பொருந்தாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நகரத்து அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்த பின்புதான், இந்த நால்வர் படத்தை ‘ஆதிகாலத்துப் பண்பாடு’ என்று நாம் நம்பத் தொடங்கினோம்.

பெற்றோர் இருவரும் அன்போடு சேர்ந்து வாழும் வீடு பிள்ளைக்குப் பெரும்பேறு. அதனை நான் மறுக்கவில்லை, மறுக்கவும் மாட்டேன். ஆனால், அந்தப் பேறு வாய்க்காத பிள்ளையிடம் அதனைப் படமாகக் காட்டி, ‘இதுதான் குடும்பம், உன்னுடையது தவறு’ என்று சிவப்பு மையால் எழுதுவது பண்பாடாகாது. அது கொடுமை.

‘வீட்டு விவகாரம் ஆசிரியரின் வேலையன்று’ என்பார் சிலர். உண்மை. துருவிக் கேட்பது நம் வேலையன்று. புண்ணைக் குத்தாமலிருப்பதோ நம் வேலை.

என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடிப்போவது என் வழக்கமில்லை. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்:

1. குடும்பத்தைப் பற்றிய பயிற்சிக்கு ஒரே சரியான விடை இல்லை. எண்ணிக்கையைத் திருத்தாதீர்கள். ‘இவர்கள் யார் யார்? எனக்குச் சொல்’ என்று கேளுங்கள். அந்தப் பேச்சே நல்ல கேட்டல் பேச்சுப் பாடம்.

2. பெற்றோர் விவரத்தை வகுப்பின் நடுவே வாய்விட்டுக் கேட்காதீர்கள். படிவத்தை உறையிலிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். ஐயமிருந்தால் தனியே கேளுங்கள்.

3. அன்னையர் தினம், தந்தையர் தினம் வாழ்த்து அட்டைகளை ‘என்னை வளர்ப்பவருக்கு’ என்று எழுதவும் இடங்கொடுங்கள். பாட்டிக்கு எழுத விரும்பும் பிள்ளை பாட்டிக்கே எழுதட்டும்.

4. உறவுமுறைச் சொற்களை முதலாம் ஆண்டில் பாடலாகவும் விளையாட்டாகவும், நான்காம் ஆண்டு முதல் குடும்ப மரமாகவும் கற்பியுங்கள். நன்னெறிக் கல்வியும் நலக்கல்வியின் குடும்பவியல் தலைப்பும் அதற்கு இடந்தருகின்றன.

5. ஆறாம் ஆண்டுப் பிள்ளை கேட்கும் நியாயக் கேள்விகளைச் சிரித்து அடைக்காதீர்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் சில சொற்கள்.

ஏழு வயதுப் பிள்ளைக்குக் காரணங்கள் வேண்டா. ‘நீ எங்கே தூங்குவாய், யார் உன்னைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவார், அப்பாவை எந்த நாளில் பார்ப்பாய்’ என்பதைச் சொல்லுங்கள். ‘இது உன்னால் நடந்ததன்று’ என்பதை ஒரு முறையல்ல, பலமுறை சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளையைச் சாட்சியாகவும் தூதுவனாகவும் ஆக்காதீர்கள். ‘உங்கப்பாகிட்டப் போய்ச் சொல்லு’ என்ற ஒரு வாக்கியம் அந்த வயதை இரண்டாக்கிவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமென்பதில்லை. சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். திருமணப் பதிவு செய்யாதவர்கள் இந்த வாரமே அதற்கான வழியை விசாரியுங்கள். மண்டபத்துக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

சேர்ந்து வாழும் பெற்றோர்களே, நீங்களும் தப்பித்துவிட்டதாக எண்ண வேண்டா. திருமணம் என்றால் என்ன என்பதை உங்கள் பிள்ளை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் படிக்கின்றது. இன்றிரவு யார் நின்றுகொண்டு சாப்பிடுகின்றார் என்று பாருங்கள்.

இறுதியாக ஒன்று. அந்த ‘ஐந்து’ எழுதிய பையன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கின்றான். ஆறாம் ஆண்டின் இறுதி நாளில், அவனுடைய பழைய பயிற்சிப் புத்தகத்தைப் பற்றி நானே அவனிடம் நினைவூட்டி, அன்று நான் எழுதியது தவறு என்று சொன்னேன். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். “அப்ப எனக்குத் தெரியல டீச்சர். அப்பா வேலைக்குப் போயிருந்தாலும் குடும்பம்தான்,” என்றான். யாரும் சிவப்பு மையால் எழுதாமலே, வயது அவனுக்கு அதனைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

தெரியாதிருந்தது அவன் குற்றமன்று. அவனுக்கு அப்போது எது தெரியும், எது தெரியாது என்பதை அறியாதிருந்ததே என் குற்றம். அதே குற்றத்தை இன்று எத்தனை வகுப்புகளில், எத்தனை வீடுகளில் செய்துகொண்டிருக்கின்றோம்?

சிந்திப்போம். அடுத்த முறை ‘சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?’ என்று சொல்ல வாயெடுக்கும்போது, அதனை மெய்யான கேள்வியாகவே கேட்டுப் பார்ப்போம். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையிடமே கேட்போம்.